கராஜில் ஒரு தண்ணீர்ப் போத்தல்

பெயிண்ட் தின்னரை மறுபடி பயன்படுத்துவதும் பாதுகாப்பாக அகற்றுவதும்



நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு இரவு எட்டரை மணிக்கு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நம் சங்கத்துக் குடும்பம்தான். அந்த அம்மாவின் குரல் நடுங்கியது. "டாக்டர், பையன் தண்ணீர்னு நினைச்சு தின்னரைக் குடிச்சுட்டான். ஒரு வாய்தான் குடிச்சிருப்பான். இருமிக்கிட்டே இருக்கான்." பின்னால் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியின் குரலும் கேட்டது. "உப்புத் தண்ணியைக் குடுத்து வாந்தி எடுக்க வைம்மா, எல்லாம் வெளியில வந்துடும்!"

"வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். இந்தத் தொலைபேசியை வைத்துவிட்டு உடனே 911-ஐக் கூப்பிடுங்கள்" என்று சொன்னேன். மூன்று வயதுக் குழந்தை. இரண்டு இரவுகள் மருத்துவமனையில் பிராணவாயுவோடு இருந்துவிட்டு நலமாக வீடு திரும்பினான். கொலுவின் ஐந்தாம் நாள் நான் போனபோது சுண்டல் கிண்ணத்தோடு ஓடிவந்தான். அவனுடைய பெற்றோரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கொலுப் படிகளுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்த தந்தை, பிரஷ் கழுவிய மினரல் ஸ்பிரிட்டைக் கொட்டிவிட மனமில்லாமல், அழுக்கு அடியில் தங்கட்டும், மறுபடி பயன்படுத்தலாம் என்று எடுத்து வைத்தார். அது நல்ல எண்ணம், செய்முறையும் பெரும்பாலும் சரி. ஆனால் ஊற்றி வைத்தது ஒரு தண்ணீர்ப் போத்தலில். இரண்டு நாளில் அழுக்கு அடியில் தங்கியது, மேலே தண்ணீரைப் போலவே தெளிந்து நின்றது. குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் அது இருந்தது.

சிக்கனம் தப்பில்லை, போத்தல்தான் தப்பு. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதன் சாரம் அதுதான்.

ஊரில் பார்த்த ஒன்று

எங்கள் ஊரில் போத்தல் என்போம், தமிழ்நாட்டு நண்பர்கள் பாட்டில் என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும், காலியான போத்தலைக் கண்டால் கழுவி எடுத்து வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகம். 1990-களில் யாழ்ப்பாணத்தில் நான் மருத்துவ மாணவன். பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடையாது, மின்சாரமும் கிடையாது. மண்ணெண்ணெயைத் துளித் துளியாக அளந்து பயன்படுத்திய காலம். மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோலை விட்டு உதைத்துவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். மண்ணெண்ணெய் எந்தப் போத்தலில் கிடைக்கிறதோ அந்தப் போத்தலில் வீட்டுக்கு வரும்.

எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு குழந்தை, சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டது. வீட்டார் பதறிப்போய்த் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். பிறகு தேங்காய் எண்ணெய் பருக்கினார்கள். அன்பினால் செய்ததுதான். வாகனம் கிடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமாகிவிட்டது. மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. அந்தக் குழந்தையின் அம்மா என்னிடம் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "வயித்துக்குள்ள போனதை எல்லாம் எடுத்திட்டம் தானே தம்பி, பிறகேன்?"

அவருக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறேன்.

வயிறல்ல, நுரையீரல்தான் ஆபத்து

மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட், டர்பன்டைன், பெயிண்ட் தின்னர் எல்லாமே மிக மெல்லிய திரவங்கள். தண்ணீரைவிட எளிதாகப் பரவும். விழுங்கும்போது ஒரு சில துளி மூச்சுக்குழலுக்குள் போனால் போதும், நுரையீரல் முழுக்கப் படர்ந்துவிடும். நம் நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்க, அவற்றின் உட்புறத்தில் இயற்கையாகவே வழுவழுப்பான ஒரு பூச்சு இருக்கிறது. இந்தத் திரவங்கள் அந்தப் பூச்சைக் கரைத்துவிடுகின்றன. காற்றறைகள் சுருங்கி, வீங்கி, நீர் கோத்துக்கொள்கின்றன. கிருமியே இல்லாமல் வரும் இந்த நிமோனியாவை இரசாயன நிமோனியா என்கிறோம்.

வயிற்றுக்குள் போன ஒரு வாய்த் தின்னர் பெரும்பாலும் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அதை வாந்தியாக மேலே கொண்டுவரும்போது, இரண்டாவது முறையாக அது மூச்சுக்குழலின் வாசலைக் கடக்கிறது. அந்த இரண்டாவது பயணம்தான் பல குழந்தைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. பால், நெய், எண்ணெய் கொடுப்பதும் வாந்தியைத் தூண்டலாம்.

எனவே இதை வெட்டி எடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள்:

• குடித்தவர் இருமினால், மூச்சுத் திணறினால், தூங்கி விழுந்தால், உதடு நீலமானால் உடனே 911.

• ஒன்றும் இல்லாததுபோல் தெரிந்தாலும் நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தைக் கூப்பிடுங்கள்: 1-800-222-1222. இரவும் பகலும் இயங்கும், கட்டணம் இல்லை, மொழிபெயர்ப்பாளர் வசதியும் உண்டு.

• வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அவர்கள் சொல்லாமல் எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

• நனைந்த உடையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

• டின்னையோ அதன் லேபிளின் படத்தையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி.

இருமல் இல்லாவிட்டாலும் முதல் ஆறு மணி நேரம் முக்கியம். நுரையீரல் தொந்தரவு வருவதானால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். குழந்தையை எவ்வளவு நேரம், எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மையத்தில் உள்ளவர்கள் சொல்வார்கள்.

மூடியின் மதிப்பு

அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டு நச்சுத் தடுப்புப் பொதியிடல் சட்டம் வந்தது. டர்பன்டைன், பெட்ரோலிய வகைத் தின்னர் போன்றவற்றுக்குக் குழந்தையால் எளிதில் திறக்க முடியாத மூடி வேண்டும் என்ற விதிகள் அதன் கீழ் வந்தவை. 2001-இல் மெல்லிய ஹைட்ரோகார்பன் உள்ள மற்ற பல வீட்டுப் பொருள்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அழுத்தித் திருக வேண்டிய அந்த மூடியைப் பார்த்து நாம் சலித்துக்கொள்கிறோம். ஆனால் தின்னரை வேறு போத்தலுக்கு மாற்றும் கணத்தில், அந்தச் சட்டம் தந்த காவலை நாமே கழற்றி எறிகிறோம். மூடியும் போச்சு, எச்சரிக்கை லேபிளும் போச்சு.

இலங்கையில் விஜய கொடகும்புர என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருந்தார். கவிழ்ந்த போத்தல் விளக்குகளால் தீக்காயம் பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து அலுத்துப்போனவர். விளக்கு ஏற்றாதீர்கள் என்று ஏழைகளிடம் சொல்ல முடியாது. அதனால் அவர் போத்தலையே மாற்றினார். குட்டையான, கனமான, பக்கங்கள் தட்டையான, திருகு மூடி போட்ட கண்ணாடி விளக்கு. தட்டிவிட்டாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. மார்மைட் போத்தலின் வடிவம்தான் அவருக்கு யோசனை தந்தது. 1998-இல் அதற்காக ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் மனிதர்களின் பழக்கத்தோடு சண்டை போடவில்லை, கொள்கலனைத் திருத்தினார். நாமும் அதையே செய்யலாம்.

உண்மையைச் சொன்னால், அந்த அழைப்பு வந்த இரவு நான் என் சொந்தக் கராஜுக்குப் போய்ப் பார்த்தேன். லேபிள் இல்லாமல் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்றில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஊருக்கு உபதேசம் செய்யுமுன் அவற்றை அகற்றினேன்.

முதலில் ஒரு கேள்வி: தின்னர் தேவைதானா?

வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் இன்று பெரும்பாலும் தண்ணீரில் கரையும் லேடெக்ஸ் வகை. அதற்குத் தின்னரே வேண்டாம். பிரஷில் மிஞ்சியதைப் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். முற்றத்திலோ வீதியோரத்திலோ கழுவக் கூடாது. காரணம் பின்னால் சொல்கிறேன். எண்ணெய் வகைப் பெயிண்ட், வார்னிஷ், டெக்குக்கு அடிக்கும் ஸ்டெயின் இவற்றுக்குத்தான் தின்னர் தேவைப்படும். வார்னிஷிலும் தண்ணீர் வகை கிடைக்கிறது. கொலுப் படிக்கும் தேருக்கும் அது தாராளமாகப் போதும்.

மறுபடி பயன்படுத்தும் முறை

இது மினரல் ஸ்பிரிட், டர்பன்டைன் இரண்டுக்கும் மட்டுமே. அசிடோன், லாக்கர் தின்னர் இவற்றை இப்படிச் சேமிக்க வேண்டாம். அவை மிக விரைவாக ஆவியாகித் தீப்பற்றுபவை.

1. வன்பொருள் கடையில் மூடியோடு புதிய வெற்றுப் பெயிண்ட் டின் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள். தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல், ஊறுகாய் ஜாடி, ஃபோம் கப் வேண்டாம். உணவுப் பாத்திரம்போல் தெரிவது ஒரு காரணம், சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைப்பான்கள் இளக்கிவிடும் என்பது இன்னொரு காரணம்.

2. இரண்டிலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: "அழுக்குத் தின்னர்", "தெளிந்த தின்னர்". தேதியும் பொருளின் பெயரும் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதாதீர்கள். "விஷம், குடிக்காதே" என்று தமிழிலும் எழுதுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் கராஜுக்குள் போகிறவர்கள்தானே?

3. பிரஷை முதலில் செய்தித்தாளில் துடைத்துவிட்டு, அழுக்கு டின்னில் கொஞ்சமாகத் தின்னர் விட்டு அலசுங்கள். அரைக் கோப்பை போதும். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். நைட்ரைல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும்.

4. டின்னை இறுக மூடி, ஒரு வாரமாவது அசையாமல் வையுங்கள். நிறமித் துகள்கள் அடியில் படியும்.

5. மேலே தெளிந்ததைப் பதமாகச் சாய்த்து, காப்பி வடிகட்டும் தாள் வழியாக இரண்டாவது டின்னுக்குள் வடியுங்கள். ரசம் இறுக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

6. தெளிந்தது அடுத்த முறை பிரஷ் கழுவ உதவும். பெயிண்டில் கலக்க அதைப் பயன்படுத்தாதீர்கள், நிறம் கெடும்.

7. அடியில் தங்கிய சேறு அந்த டின்னிலேயே இருக்கட்டும். மூடி வையுங்கள். டின் நிறைந்ததும் மையத்துக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் திறந்து வைத்து ஆவியாக விடக் கூடாது. கலிபோர்னியாவில் ஆபத்தான கழிவை ஆவியாக்கி அகற்றுவது சட்டப்படி தவறு.

ஒரு வகையை இன்னொன்றோடு கலக்காதீர்கள். ப்ளீச், பெயிண்ட் உரிக்கும் திரவம் இவை பக்கத்திலேயே வர வேண்டாம். டின்களைப் பூட்டுள்ள அலமாரியில், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கராஜில் கண்ணுக்குத் தெரியாத நெருப்பு

கலிபோர்னியாவில் காற்று மாசு விதிகளின்படி, 2013 இறுதியிலிருந்து நுகர்வோருக்கு விற்கும் பெயிண்ட் தின்னரில் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எனவே பழைய மினரல் ஸ்பிரிட்டுக்குப் பதில் அசிடோன் வகைகள் கடைகளில் பெருகின. அந்தக் கணக்கில் அசிடோனுக்கு விலக்கு உண்டு. டின்னில் பச்சை இலைப் படம் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். காற்று மாசு குறைவு என்பது உண்மை. ஆனால் மினரல் ஸ்பிரிட்டின் ஆவி தீப்பற்றச் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வேண்டும். அசிடோனுக்கு மைனஸ் 20 டிகிரியே போதும். அதாவது எந்தப் பருவத்திலும், எந்த அறையிலும் அது தயாராக இருக்கிறது.

40 டிகிரி என்பதும் பெரிய ஆறுதல் இல்லை. அது 104 ஃபாரன்ஹீட். ஆகஸ்ட் மாதம் சான் ரமோனில் மூடிய கராஜுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், நாம் அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்று.

இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. புகைபோல மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். நம் வீடுகள் பலவற்றில் வாயுவில் இயங்கும் வெந்நீர்க் கொதிகலன் கராஜில்தான் இருக்கிறது. அதைத் தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் ஒரு மேடையில் வைத்திருப்பார்கள். ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? தரையில் தவழும் ஆவி நெருப்பைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான். எனவே கராஜில் வேலை செய்தால் பெரிய கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நம் வீடுகளுக்கென்று இன்னொரு எச்சரிக்கை: வார்னிஷ் காயும் அறையில் குத்துவிளக்கு, கற்பூரம், சாம்பிராணி வேண்டாம். படிக்கு அடிப்பதை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

தானே பற்றிக்கொள்ளும் துணி

ஈரம் காயாத வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே சூடேறிப் புகையும் என்பது ஊரில் வயல் செய்தவர்களுக்குத் தெரியும். ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயினையோ வார்னிஷையோ துடைத்த துணியும் அப்படித்தான். அந்த எண்ணெய் காய்வது என்பது ஆக்சிஜனோடு சேர்வது. சேரும்போது வெப்பம் பிறக்கிறது. துணியை விரித்துப் போட்டால் வெப்பம் காற்றில் போய்விடும். சுருட்டிப் பைக்குள் போட்டால் வெப்பம் உள்ளேயே பெருகி, சில மணி நேரத்தில் தானாகவே எரியத் தொடங்கும். தீக்குச்சி தேவையில்லை.

1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் இப்படித்தான் எரிந்தது. 22-ஆம் மாடியில் மரவேலை செய்தவர்கள் விட்டுச் சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகள்தான் தொடக்கம். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். 30-ஆம் மாடியில் தானியங்கி நீர்த் தெளிப்பான்கள் திறந்துகொண்ட பிறகுதான் நெருப்பு நின்றது.

துணியை வெளியே, சுவரிலிருந்து தள்ளி, ஒற்றை மடிப்பாகக் கொடியில் போட்டு மொரமொரப்பாகக் காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிறைந்த இரும்பு டின்னுக்குள் முக்கி மூடி வையுங்கள். பிறகு மையத்துக்குக் கொண்டுபோங்கள். சலவை இயந்திரத்திலோ உலர்த்தியிலோ போடாதீர்கள்.

மூச்சும் தோலும்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். உடல் சொல்லும் முதல் எச்சரிக்கை அது. "மணம் குறைவு" என்று எழுதியிருந்தால் மூக்குக்குத் தெரியாது என்று மட்டுமே பொருள். நுரையீரலுக்குள் போகாது என்பதல்ல. கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த என்-95 முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள் இந்த வேலை நடக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. கையில் ஒட்டிய பெயிண்டைத் தின்னரால் துடைக்காதீர்கள். தோல் வறண்டு வெடிக்கும். கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டாலே போய்விடும்.

வீட்டோடு வந்த பழைய டின்களில் பெயிண்ட் உரிக்கும் திரவம் இருந்தால் லேபிளைப் பாருங்கள். "மெத்திலீன் குளோரைடு" என்றிருந்தால் திறக்காமல் மையத்துக்குக் கொண்டுபோங்கள். அது உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். இதய நோயாளிகளுக்கு மிக ஆபத்து. 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளின் பூச்சை இதனால் உரித்த தொழிலாளர்கள் 13 பேர் இறந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் வெளியிட்டது. நுகர்வோருக்கான பெயிண்ட் உரிப்பானில் அதை விற்பதை சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-இல் தடை செய்தது. ஆனால் பழைய டின்னுக்குச் சட்டம் தெரியாது. அது அலமாரியில் காத்திருக்கும்.

எங்கே கொண்டுபோவது?

வீதியோர வடிகாலில் ஊற்றினால் எங்கே போகும்? மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. சான் ரமோனின் வடபகுதியில் அது சான் ரமோன் ஓடை வழியாக டான்வில், வால்நட் க்ரீக் ஊர்களைக் கடந்து சுய்சன் விரிகுடாவில் சேரும். அதனால்தான் முற்றத்தில் பிரஷ் கழுவக் கூடாது என்றேன். வீட்டுத் தொட்டியில் தின்னரைக் கொட்டினால், அதன் ஆவி சாக்கடைக் குழாயில் தேங்கித் தீப்பற்றலாம். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்களையும் கெடுக்கும். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கி, அங்கே வேலை செய்பவரின் முகத்தில் தெறிக்கலாம்.

கான்ட்ரா கோஸ்டா மத்திய சுகாதார மாவட்டம், மார்டினெஸ் நகரில் வீட்டு ஆபத்துக் கழிவு மையம் ஒன்றை நடத்துகிறது. 680-ஆம் நெடுஞ்சாலையும் 4-ஆம் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, இம்ஹாஃப் பிளேஸில் இருக்கிறது. சான் ரமோன் வாசிகள் வீட்டுக் கழிவுகளைக் கட்டணமின்றிக் கொடுக்கலாம். முகவரிச் சான்று எடுத்துச் செல்லுங்கள். ஒரு பயணத்தில் திரவமானால் 15 காலன், திடப்பொருளானால் 125 பவுண்டு என்பது எல்லை. இன்னும் பயன்படக்கூடிய பொருள்களை மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. நேரத்தையும் விதிகளையும் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். டப்ளின், பிளஸன்டன் வாசிகள் அலமேடா கவுண்டியில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு லிவர்மோர், ஹேவர்ட் போன்ற ஊர்களில் மையங்கள் உள்ளன.

பெயிண்ட், ஸ்டெயின், வார்னிஷ் மிஞ்சினால் அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2010-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டத்தின்படி, 2012 முதல் பெயிண்ட்கேர் அமைப்பு பல பெயிண்ட் கடைகளிலேயே அவற்றைத் திரும்பப் பெறுகிறது. நாம் பெயிண்ட் வாங்கும்போதே அதற்கான சிறு கட்டணம் விலையில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடைகள் தின்னரை எடுப்பதில்லை. தின்னருக்கு மார்டினெஸ்தான்.

கொண்டுபோகும்போது டின்களை நிமிர்த்தி ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, காரின் பின்பகுதியில் வையுங்கள். சன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். குழந்தைகளை அந்தப் பயணத்தில் ஏற்ற வேண்டாம். வழியில் கோயிலுக்கும் கடைக்கும் போய் வெயிலில் காரை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். திறக்காத அல்லது பாதி மிஞ்சிய தின்னர் டின் இருந்தால், லேபிளோடு பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். நம் சங்கத்து நாடகக் குழுவும் ஆண்டுதோறும் மேடைக்கு வண்ணம் அடிக்கிறதே, அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சனிக்கிழமை

ஒரு சின்ன வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கராஜ் அலமாரியையும், சலவை அறையையும், சமையலறைத் தொட்டியின் அடியையும் பாருங்கள். லேபிள் இல்லாத போத்தல் இருந்தால் மோந்து பார்க்காதீர்கள். மூடியை இறுக்கி, "என்னவென்று தெரியாது" என்று எழுதி, மார்டினெஸ் போகும் பெட்டியில் வையுங்கள். தெரியாததை அங்கே கொடுக்கும்போது "தெரியாது" என்றே சொல்லுங்கள். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட அழைத்து, "வாந்தி எடுக்க வைக்கக் கூடாது" என்பதையும் அந்தத் தொலைபேசி எண்ணையும் சொல்லிக் கொடுங்கள். பகல் முழுக்கக் குழந்தையோடு இருப்பவர்கள் அவர்கள்தான்.

அன்று மருத்துவமனையில் அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உப்புத் தண்ணியைக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்?" என்று கேட்டார். "நீங்கள் கொடுக்கவில்லையே அம்மா" என்றேன். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் இருந்த அந்தத் தாய்க்கு ஒரு தொலைபேசி இருந்திருந்தால், எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அவருக்கும் நான் இதையே சொல்லியிருக்கலாம். நமக்கு இங்கே இரண்டும் இருக்கின்றன.

நலமாக இருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.